கீமோ ஏத்துறது டிரிப்ஸ் போடுற வேலை இல்லை

அந்த ஆடியோவை நேற்று ராத்திரிக்குள்ள ஒன்பது பேர் அனுப்பிட்டாங்க. மார்த்தாண்டம் குரூப், குலசேகரம் குரூப், பாறசாலை சர்ச் குரூப்னு எல்லாத்துலயும் ஓடுது. ஒரு நர்ஸ் பொண்ணு ஒரு அக்காவுக்குப் புறங்கையில கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏத்தினப்போ அது நரம்புக்கு வெளியே கசிஞ்சுடுச்சு, அதைப் பத்தின ஆடியோ. அதுக்கு மேல நடந்ததைத் திரும்ப எழுதப் போறதில்லை, கையோட படத்தை எல்லாரும் பார்த்தாச்சு. (படத்தைப் பகிர்ந்தவங்க தயவுசெஞ்சு எடுத்துடுங்க. சம்மதம் கேட்காம ஒரு மனுஷியோட கையை ஊர் பூரா காட்டுறோம்.) ஆடியோவுல கடைசியா வர்ற அந்த ஒரு வரியைத்தான் என்னால தாண்டிப் போக முடியலை. "டிரிப்ஸ் போடுறதுக்கு என்ன பெரிய படிப்பு, ஊசி குத்தத் தெரிஞ்சா போதாதா?"

போதாது. கீமோ ஏத்துறது டிரிப்ஸ் போடுற வேலை இல்லை.

குளுக்கோஸ் நரம்புக்கு வெளியே போனா கை வீங்கும், ரெண்டு நாள்ல வத்திடும். டாக்ஸோரூபிசின், நோயாளிங்க சிவப்பு மருந்துன்னு சொல்றது, வெளியே போனா அப்படி வத்தாது. அது சதையில இருக்குற செல்லுக்குள்ள புகுந்து டி.என்.ஏ.வைப் பிடிச்சுக்கும். செல் செத்ததும் மருந்து வெளியே வந்து பக்கத்துச் செல்லுக்குப் போகும். அதனாலதான் முதல் நாள் லேசான சிவப்பா இருந்தது பத்து நாள் கழிச்சுக் கொப்புளமாகி, புண்ணாகி, தோல் ஒட்டுற ஆபரேஷன் வரைக்கும் போகுது. எபிரூபிசின், வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின், மைட்டோமைசின் எல்லாமும் வெளியே கசிஞ்சா சதையைப் புண்ணாக்குற வகைதான். இதையெல்லாம் ஏத்துற கைக்குத் தனியாச் சொல்லிக் கொடுக்கணும்.

குத்துற இடத்துல இருந்தே பாருங்க. புறங்கையில நரம்பு புடைச்சுத் தெரியும், குத்த ரொம்ப வசதி. சிவப்பு மருந்துக்கு அந்த வசதியைத் தேடக் கூடாது. அங்கே தோலுக்கு அடியில உடனே தசைநார். புண்ணானா விரல் மடங்காது. மணிக்கட்டும் வேண்டாம். முழங்கை மடிப்பில கசிஞ்சா ஆழத்துல தேங்கும், வெளியே தெரியறதுக்குள்ள நேரம் போயிடும். முன்கையில, நல்லா ஓடுற நரம்பாப் பார்த்துப் போடணும். மார்பு ஆபரேஷன்ல அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தா அந்தப் பக்கத்துக் கையைத் தொடக் கூடாது. ஒரு தடவை குத்தித் தவறிப் போன நரம்புல, அதுக்குக் கீழே மறுபடி குத்தக் கூடாது. மருந்து மேலே போகும்போது பழைய ஓட்டை வழியாக் கசியும். நேத்துப் போட்ட வென்ஃப்ளான்ல, அதாவது நரம்புக்குள்ள விட்டு வைக்கிற பிளாஸ்டிக் குழாய்ல, இன்னைக்கு ஏத்தக் கூடாது. நம்ம ஊருக்குன்னே இன்னொண்ணு சொல்றேன். ரப்பர் பால்வெட்டுற ஆளா இருந்தா, கத்தி பிடிக்கிற கை எதுன்னு முதல்ல கேளுங்க. அந்தக் கையை விட்டுடுங்க. அந்தக் கை போனா சோறு போச்சு.

ஊசி ஏறினதும் மேலே வெள்ளை பிளாஸ்டரைச் சுத்திச் சுத்தி ஒட்டுறாங்க. ஒட்டினா எதைப் பார்க்குறது? ஒளி ஊடுருவுற டிரெஸ்ஸிங்தான் ஒட்டணும், குத்தின இடம் கண்ணுக்குத் தெரியணும்.

இனி மருந்து செலுத்துறது. 150 சென்டிமீட்டர் உயரம், 54 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்குங்க. உயரத்தையும் எடையையும் பெருக்கி, 3600-ஆல வகுத்து, வர்க்கமூலம் எடுத்தா உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம்னு டாக்டர் எழுதியிருந்தா மொத்தம் 90 மில்லிகிராம். மில்லிக்கு 2 மில்லிகிராம் கரைசல்ல அது 45 மில்லி. சலைன் தாராளமா ஓடிட்டிருக்கும்போது பக்கவாட்டு வழியில பைய பைய விடணும். 2 முதல் 5 மில்லிக்கு ஒரு தடவை பின்னால இழுத்து ரத்தம் வருதான்னு பார்க்கணும். 5 மில்லிக்கு ஒரு தடவைன்னு வச்சாலே 9 தடவை. அவ்வளவு நேரமும் நர்ஸ் அந்த நாற்காலி பக்கத்துலயே உட்கார்ந்திருக்கணும். அன்னைக்கு அந்த நர்ஸ் பொண்ணு பொறுப்புல 11 கீமோ நாற்காலி இருந்துச்சு. ஆடியோவுல பேசினவர் இதை ஒரு வார்த்தை சொல்லலை.

ரத்தம் வந்தாலும் முழுசா நம்பக் கூடாது. ரத்தம் வந்துக்கிட்டே ஓரமாக் கசியுறதும் உண்டு. அதனால நோயாளிகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கணும். நம்ம தமிழ்நாடு-கேரள எல்லையில அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. "நீறுன்னுண்டோ?"ன்னு மலையாளத்துல கேட்டா விளவங்கோட்டுக்காரிக்குப் புரியும். செங்கோட்டையில இருந்து வந்த பாட்டிக்கு அது எரிச்சலைக் கேட்குறதுன்னு எப்படித் தெரியும்? சும்மா தலையாட்டுவாங்க. "பனியுண்டோ?"ன்னா காய்ச்சலைக் கேட்குறாங்கன்னு தெரியாது, வெளியே விழுற பனின்னு நினைப்பாங்க. "எரியுதா, கடுக்குதா, இழுக்குதா, கனக்குதா?"ன்னு நாலு தமிழ் வார்த்தையைச் சுவத்துல எழுதி ஒட்டினாப் போதும். "எரியுதுன்னு சொன்னேன், கொஞ்சம் எரியத்தான் செய்யும்னுட்டாங்க"ன்னு நோயாளி சொல்ற இடத்துலதான் எல்லாம் கைவிட்டுப் போகுது. சிவப்பு மருந்து நரம்புக்குள்ள ஒழுங்காப் போனா வலிக்கக் கூடாது. வலின்னு சொன்னா அந்த நொடியே நிறுத்தணும்.

நிறுத்திட்டு என்ன செய்யணும்? பதறி ஊசியை உருவிடுறாங்க. உருவக் கூடாது. டிரிப்பை நிறுத்திட்டு, டியூபைக் கழற்றி, அதே வென்ஃப்ளான்ல சிரிஞ்சை மாட்டி, உள்ளே இருக்குற மருந்தை முடிஞ்ச மட்டும் இழுத்து எடுக்கணும். சலைன் விட்டு அலசக் கூடாது, அழுத்தித் தேய்க்கக் கூடாது. இழுத்த பிறகுதான் ஊசியை எடுக்கணும். சிவந்த எல்லையைப் பேனாவால வரைஞ்சு, மணி எழுதி, போட்டோ எடுத்து, கையை உயர்த்தி வைக்கணும். டாக்ஸோரூபிசினுக்குக் குளிர் ஒத்தடம், ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிஷம், நாளைக்கு நாலு தடவை, ஒண்ணு ரெண்டு நாள். வின்கிரிஸ்டினுக்கு நேர்மாறு, வெந்நீர் ஒத்தடம். அதுக்கு ஐஸ் வச்சா புண் கூடும். ஆக்ஸாலிபிளாட்டின்ங்கிற இன்னொரு கீமோ மருந்துக்கும் ஐஸ் ஆகாது. "கசிஞ்சா ஐஸ் வை"ன்னு மட்டும் சொல்லிக் கொடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. டாக்ஸோரூபிசின் கசிவுக்கு முறிவு மருந்து டெக்ஸ்ராசாக்ஸேன். 6 மணி நேரத்துக்குள்ள தொடங்கணும், அதுக்குக் குறைஞ்சது 15 நிமிஷம் முன்னாடி ஐஸை எடுத்துடணும். விலை கூடுதல், சின்ன ஆஸ்பத்திரி வாங்கி வைக்க முடியாது, அதை ஒத்துக்குறேன். எங்கே இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருக்கலாமே. மார்த்தாண்டத்துல இருந்து திருவனந்தபுரம் ரெண்டு மணி நேரம் கூட ஆகாது. அந்த அக்காவை மறுநாள் வரச் சொல்லி அனுப்பியிருக்காங்க.

"டோஸ் டாக்டர் எழுதுறாரு, நர்ஸ் ஏன் கணக்குப் பார்க்கணும்?"னு கீழே ஒருத்தர் கேட்கப் போறாரு, தெரியும். 2006-ல கனடாவுல ஒரு நோயாளிக்கு ஃபுளோரோயூராசில்ங்கிற கீமோ மருந்தைப் பம்ப்ல வச்சாங்க. நாலு நாள் ஓட வேண்டிய மருந்து, மணிக்கு 1.2 மில்லி. லேபிள்ல 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லின்னும் இருந்துச்சு. பம்ப்ல மணிக்கு 28.8-னு பதிஞ்சுட்டாங்க, நாலு நாள் மருந்து நாலு மணி நேரத்துல உள்ளே போச்சு. அவர் பிழைக்கலை. அங்கே ரெண்டு நர்ஸ் சரிபார்த்திருந்தாங்க, ஆனாலும் தப்பு கண்ணுல படலை. ஒருத்தர் போட்ட கணக்கை இன்னொருத்தர் பார்த்து "சரி"ன்னு சொல்றது சரிபார்ப்பு இல்லை. ரெண்டாவது ஆள் முதல் ஆளோட விடையைப் பார்க்காம, தானே முதல்ல இருந்து போட்டு, பிறகு ஒப்பிடணும். டாக்டர் எழுதுவாரு, மருந்துக்கடை கலக்கும். கடைசியா நோயாளி உடம்புக்குள்ள அனுப்புறது நர்ஸ் கை. அங்கே நிக்கலைன்னா அதுக்கப்புறம் நிறுத்த ஆளே இல்லை.

வின்கிரிஸ்டினைத் தண்டுவடத்துல போட்டா கிட்டத்தட்ட எப்பவும் மரணம்தான். அதனால சிரிஞ்சுல நிரப்பாம சின்னப் பையில கலந்து கொடுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2007-லயே எச்சரிச்சுது. பைன்னா யாரும் முதுகுல போட மாட்டாங்க. ஆக்ஸாலிபிளாட்டினைச் சலைன்ல கலக்கக் கூடாது, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் மட்டும். பாக்லிடாக்செலுக்குச் சாதா பி.வி.சி. டியூப் ஆகாது, வடிகட்டி வச்ச தனி டியூப் வேணும். ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ரெண்டு தடவையில, அதுவும் முதல் பத்து நிமிஷத்துல வரும். அந்தப் பத்து நிமிஷம் நர்ஸ் நகரக் கூடாது. டோசிடாக்செலுக்கு முந்தின நாளே டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியிருக்கணும். "மாத்திரை போட்டீங்களா?"ன்னு மட்டும் கேட்காம அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்க. எழுதிக்கிட்டே போகலாம். இதுல எது "ஊசி குத்தத் தெரிஞ்சா போதும்" கணக்குல வருது?

"பயிற்சி கொடுத்தா கல்ஃபுக்குப் போயிடுவாங்க"ன்னு நிர்வாகத்துல சொல்றாங்களாம். இது கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. நம்ம பிள்ளைங்க போறது சம்பளத்துக்கு, வீட்டுக் கடனுக்கு. கீமோ படிச்சதால யாரும் பாஸ்போர்ட் எடுக்கலை. படிக்காதவங்களும் போறாங்க.

இன்னொரு பக்கம் யாரும் பேசவே இல்லை. 1981-ல தொடங்கின திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்கு (மண்டலப் புற்றுநோய் மையம்) காலை ரயில்ல போய்க் கீமோ ஏத்திட்டு அன்னைக்கே திரும்புற நம்ம ஆட்கள் எத்தனை பேர்? கீமோ திருவனந்தபுரத்துல, காய்ச்சல் வர்றது அருமனையில. கீமோ ஏத்தின 7-ஆம் நாள்ல இருந்து 14-ஆம் நாள் வரைக்கும் ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை அடியில கிடக்கும். அப்போ தொற்று வந்தா பெரும்பாலும் சீழ் பிடிக்காது, சளி கட்டாது, சிவக்கக் கூடச் செய்யாது. அதையெல்லாம் செய்யுற அணுக்கள் உடம்புல ரொம்பக் குறைவு. பல நேரம் காய்ச்சல் ஒண்ணுதான் தெரியும். 101 டிகிரி ஒரு தடவை, இல்லைன்னா 100.4 ஒரு மணி நேரம் நின்னா அது அவசரம். கிருமி இருக்கான்னு பார்க்க ரத்தம் கல்ச்சருக்கு எடுத்துட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழியா முதல் ஆன்டிபயாடிக் போகணும். பக்கத்து கிளினிக்ல என்ன நடக்குது? பாரசிட்டமால், இடுப்புல ஒரு ஊசி, "நாளைக்கு வாங்க". பாரசிட்டமால் காய்ச்சலை மறைச்சுடும். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைஞ்சிருக்கும்போது இடுப்பு ஊசி போட்டா சதைக்குள்ள ரத்தம் கட்டும். ஆசனவாய் வழியா மருந்தோ தெர்மாமீட்டரோ வைக்கவே கூடாது. கீமோ நாற்காலியே இல்லாத ஆஸ்பத்திரி நர்ஸுக்கும் இது தெரிஞ்சிருக்கணும். காய்ச்சலோட வர்றவங்ககிட்ட முதல் கேள்வி "கடைசியா கீமோ எடுத்தது என்னைக்கு?"

அந்தப் பொண்ணு தப்பே செய்யலைன்னு நான் சொல்லலை. புறங்கையில போட்டது தப்பு. எரியுதுன்னு சொன்னதும் நிறுத்தாதது பெரிய தப்பு. ஆனா முந்தின நாள் வரைக்கும் பிரசவ வார்டுல இருந்தவளை, லீவுல போன ஆளுக்குப் பதிலா, காலையில அங்கே நிறுத்தினது யாரு? கொடுத்தது ஒரே ஒரு ஜோடி சாதா கையுறை. இந்த மருந்துக்கு ரெண்டு ஜோடி நைட்ரைல், நீர் புகாத கவுன், கண்ணாடி வேணும். நோயாளியோட சிறுநீர், வாந்தியைக் கூட 48 மணி நேரம் வெறுங்கையால தொடக் கூடாது. கர்ப்பமா இருந்தா அந்த அறைப் பக்கமே வேலை போடக் கூடாது. இதையெல்லாம் யாராவது அவகிட்ட கேட்டாங்களா? அவளைப் பத்தி ஊர் பூரா ஆடியோ போகுது, நிர்வாகம் பேரு ஒரு ஆடியோவுலயும் வரலை.

நர்ஸுக்கு நர்ஸ் சப்போர்ட்னு எழுதுவீங்க. எழுதிக்குங்க. அந்த அக்கா கைக்காகத்தான் இதை எழுதுறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே அறையில அதே நாற்காலிகள்ல ஆட்கள் உட்காரப் போறாங்க. யார் ஏத்தப் போறாங்கன்னு கேட்டுட்டு உட்காருங்க. "இந்த மருந்து கசிஞ்சா குளிரா, சூடா?"ன்னு கேளுங்க. பதில் உடனே வரலைன்னா கையை நீட்டாதீங்க.

அந்தப் பொண்ணோட பேரு, வீடு எதுவும் கமென்ட்ல கேட்காதீங்க. சொல்ல மாட்டேன். கேட்டா அழிச்சுடுவேன்.