பிங்க் ஃப்ளாய்டில் முதலில் கேட்க வேண்டியது
பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃப்ளாய்டில் எதைக் கேட்பது என்று எழுதிய ஒரு கட்டுரையாளர், 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் போதும் என்று முடித்துவிட்டார். என் ஓட்டு 1975-ல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்துக்குத்தான். மொத்தமே ஐந்து டிராக். மனநலம் குலைந்து குழுவை விட்டுப் போன சிட் பாரெட்டை நினைத்து எழுதிய நீளமான பாட்டை இரண்டாக வெட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் வைத்திருக்கிறார்கள். ஆல்பம் தயாராகும்போதே அவர் ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு வந்திருக்கிறார். தலையும் புருவமும் மழித்திருந்ததால் பழைய கூட்டாளிகளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லையாம்!

டைட்டில் பாட்டின் ஆரம்பத்தைக் கவனியுங்கள். ரேடியோ ஸ்டேஷன் மாற்றுகிற கரகரப்பு, அதற்குள் சன்னமாக ஒரு கிட்டார், பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிப்பதுபோல இன்னொரு கிட்டார். நடுவில் குழுவின் கிட்டாரிஸ்ட் கில்மோரின் இருமல்கூடக் கேட்கும். ஹெட்போன் கட்டாயம்; மொபைல் ஸ்பீக்கரில் போட்டால் இதெல்லாம் காணாமல் போய்விடும்.