மின்சாரம் எடுத்தால் தண்ணீரின் சத்து போய்விடுமா?

“குந்தா நீரேற்று மின்திட்டம் வந்தால் தண்ணீரில் உள்ள சத்தை உறிஞ்சிவிடுவார்கள், அப்புறம் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையாது” என்று நீலகிரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி–எமரால்டு அணைகள். தண்ணீர் இறங்கும்போது டர்பைன் சுற்றும். மின்சாரம் மிச்சமாக இருக்கும் நேரத்தில் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவார்கள். எடுக்கப்படுவது விழும் தண்ணீரின் விசை மட்டும்தான். கரைந்திருக்கும் உப்பும் தாதுவும் அப்படியே இருக்கும்.

இது ஒன்றும் புதிதில்லை. நீலகிரியின் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் 1930களிலிருந்தே சிங்காரா மின்நிலையத்தில் மின்சாரம் தருகிறது. பிறகு மாயாறு மின்நிலையத்தில் இன்னொரு முறை டர்பைனைச் சுற்றிவிட்டு, பவானிசாகர் அணையில் போய்ச் சேருகிறது. அங்கிருந்து கீழ்பவானி வாய்க்காலில் ஓடி சுமார் 2 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கும் நெல்லுக்கும் பாய்வதில் இந்தச் ‘சத்தில்லாத’ தண்ணீரும் உண்டு!

சரி, திட்டத்தைப் பற்றிக் கேள்வியே கேட்கக் கூடாதா? கேட்கலாம். தண்ணீர் போய்வரச் சுரங்கம் தோண்டிய மண்ணையும் பாறையையும் எங்கே கொட்டுகிறார்கள்? மண்சரிவுக்கு என்ன பாதுகாப்பு? ஆனால் இப்படிக் கேட்பவரையும் “நீங்களும் அந்த வாட்ஸ்அப் கோஷ்டியா?” என்று வாயடைத்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலே அதுதான்.