எண்ணாமல் மூட்டிய பயமும் பயம்தான்

பழைய குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றின் முகமூடிப் பாத்திரத்தைப் போட்டுக் காட்டி, ஒரு குழந்தை பயந்து அழுவதைப் பகிர்ந்து சிரித்த, முந்தாநாள் இங்கே நடந்த கூத்தைப் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை மேலும் விவரிக்கப் போவதில்லை. அழுகிற அந்தக் குழந்தையின் முகத்தை நானும் ஒருமுறை பகிர்ந்து பரப்பப் போவதுமில்லை. “குழந்தை நிஜமாகவே பயந்திருக்கிறது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?” என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். அதற்குக் குவிந்த சிரிப்புக் குறிகளையும், “அது குழந்தைகளுக்காகவே எடுத்த நிகழ்ச்சி, கொஞ்சம் தெரிந்துகொண்டு பேசுங்கள்” என்று எனக்கு எடுக்கப்பட்ட பாடத்தையும் பார்த்த பிறகு, தெரிந்துகொண்டே பேசிவிடலாம் என்று தோன்றியது.

குழந்தைகளுக்காக எடுத்தது என்பது எடுத்தவருடைய எண்ணம். அந்த எண்ணம் திரையில் தெரியாது, தெரிவது முகம்தான். நீங்கள் அந்தக் குழந்தைக்குப் போட்டுக் காட்டிய நோசிபாங்க், பிபிசியில் 1979 முதல் 1984 வரை வந்த ‘ஜிக்சா’ நிகழ்ச்சியின் பாத்திரம். வெள்ளை முகமூடி, துருத்திக்கொண்டிருக்கும் நீண்ட மூக்கு, எது நடந்தாலும் மாறாத இளிப்பு, வாயிலிருந்து ஒரு சொல் கிடையாது. உள்ளே இருந்த ஏட்ரியன் ஹெட்லி என்ற மைம் கலைஞர் யாரையும் மிரட்ட வந்தவர் அல்லர். ஆனாலும் மிரண்டவர்கள் மிரண்டார்கள். அவர் எண்ணவில்லை என்பதால் அந்தப் பயம் பொய்யாகிவிடாது.

“வெறும் முகமூடி என்று சொன்னால் குழந்தைக்குப் புரியாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி என்பதால் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். ரீட்டா டெவ்ரிஸ் என்ற உளவியலாளர் 1969இல் வெளியிட்ட ஆய்வில், மேனார்டு என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளுக்குக் காட்டி, அதன் முன்பக்கத்தை மட்டும் மறைத்து, வாலும் பின்பக்கமும் கண்ணுக்குத் தெரியும்படியே வைத்துக்கொண்டு, நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் பூனை நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்களில் பெரும்பாலோர் நம்பவில்லை. அந்தச் சிறிய வயதில் முகம் மாறினால் ஆளே மாறிப்போகிறது. நீங்கள் சொல்லும் “வெறும் முகமூடி” என்பது அந்தக் குழந்தை இன்னும் வந்து சேராத இடம்.

“நாங்களெல்லாம் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம், எங்களுக்கு என்ன ஆயிற்று?” என்பவர்களுக்கு: உங்களுக்கு என்ன ஆயிற்று என்பது முந்தாநாள் பின்னூட்டங்களிலேயே தெரிந்தது.

‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியை எடுத்தவர்களுக்குக் குழந்தைகள் மீது அக்கறை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவர்களே 1976இல் மார்கரெட் ஹாமில்டன் என்ற நடிகையை, அவர் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ திரைப்படத்தில் ஏற்றிருந்த அதே சூனியக்காரி வேடத்தில் அழைத்து வந்தார்கள். பயத்தைச் சமாளிக்கக் கற்றுக்கொடுப்பதே நோக்கம். குழந்தைகள் மிரண்டுபோனதாகப் பெற்றோரின் கடிதங்கள் வந்தன. அந்தப் பகுதி திரும்ப ஒளிபரப்பாகவே இல்லை. “எங்கள் நோக்கம் நல்லது, உங்கள் பிள்ளைதான் தொட்டாற்சிணுங்கி” என்று அவர்கள் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிரெட் ரோஜர்ஸ் என்பவர் அதே நடிகையைத் தாம் நடத்திய குழந்தைகள் நிகழ்ச்சிக்குச் சாதாரண உடையில் வரச்செய்து, வேடத்தைக் குழந்தைகளின் கண்ணெதிரே ஒவ்வொன்றாக அணியவைத்தார். அதே நடிகை, அதே வேடம்தான். ஆனால் ரோஜர்ஸ் குழந்தை இருக்கும் இடத்திலிருந்து யோசித்திருந்தார்.

பயமில்லாமல் வளர்ந்தால் துணிச்சல் எப்படி வரும் என்றும் கேட்கிறார்கள். பயமுறுத்தவென்றே சொல்லப்படும் கதையை நான் குறை கூறவில்லை. அதில் அரக்கன் அரக்கனாகவே வருகிறான். கதையில் இருப்பவர்களும் நடுங்குகிறார்கள். கடைசியில் அவன் ஒழிகிறான். எண்ணாமல் பயமுறுத்தும் பாத்திரத்திடம் அது எதுவுமே இல்லை. பின்னணியில் குதூகலமான இசை ஒலிக்கிறது, சுற்றியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று கதைக்குள் எவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் யாரும் அதைத் தோற்கடிப்பதும் இல்லை. குழந்தை தன் பயத்தோடு தனியாக நிற்கிறது.

அப்படி நின்றவன் என்பதால் சொல்கிறேன். பிங்கு என்ற களிமண் பொம்மைப் படத்துப் பென்குயின் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, அது காணும் கனவு வரும்வரை. கட்டிலுக்கு உயிர் வந்து பிங்குவைச் சுமந்துகொண்டு வெளியே நடக்கும். எதிரே வால்ரஸ் என்ற கடல்விலங்கைப் போன்ற பிரம்மாண்டமான ஒரு விலங்கு தந்தங்களைக் காட்டிச் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் அலறுவேன் என்பது அண்ணனுக்குத் தெரியும். வீட்டுக்கு யார் வந்தாலும் கேசட்டை அந்த இடத்துக்கு ஓட்டி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். வந்தவர்கள் திரையைப் பார்க்கமாட்டார்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த விலங்கு என்றைக்கோ களிமண்ணாகிவிட்டது. சோபாவில் வரிசையாகத் திரும்பிய அந்த முகங்கள் இன்னும் ஆகவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். ‘செசமி ஸ்ட்ரீட்’டில் 1975இல் வந்த ஒரு சிறு அசைவூட்டப் படத்தில், சுவரிலுள்ள விரிசல்கள் விலங்குகளாக மாறி ஒரு சிறுமியோடு விளையாடும், இடையில் ஒரு கொடூர முகமும் விரிசலிலிருந்து தோன்றும். 1980க்குப் பிறகு அது ஒளிபரப்பாகவில்லை. சிறுவயதில் அதைப் பார்த்தவர்கள் பெரியவர்களான பின்பும், அது கனவல்ல, உண்மையாகவே பார்த்தோம் என்று உறுதிசெய்துகொள்வதற்காகவே தேடிக்கொண்டிருந்தார்கள். 2013இல்தான் அது இணையத்தில் பலரும் காணக் கிடைத்தது. பயந்ததாகச் சொன்னால் நம்ப ஆளில்லாமல் இத்தனை ஆண்டுகள் தேடியவர்களையும் தொட்டாற்சிணுங்கிகள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

“அவ்வளவு பயம் என்றால் ஏன் பார்த்தாய், எழுந்து போக வேண்டியதுதானே?” என்று கடைசியாகக் கேட்டவர் என்னைவிட மூத்தவர் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன். போகத்தான் பார்த்தேன் ஐயா. கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.