முதல் ஊசி போட்ட நேரம்

ஆப்பிரிக்காவில் ஓர் ஏழை நாட்டின் பெரிய மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் சில வருடம் வேலை பார்த்தேன். ஒருநாள் மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்ட பையன் ஒருவன் வந்தான். இருபது வயது இருக்கும். அடிபட்டு மூன்றாம் நாள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எட்டுத் தையல், நெருக்கமாகப் போட்டிருந்தார்கள். தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. முதல் தையலை வெட்டியதுமே சீழ் வந்தது. அதற்குப் பின்னால் மண். அப்புறம் அவன் போட்டிருந்த பேன்ட்டின் ஒரு துண்டு.

அவன் அம்மா கையில் இருந்த சீட்டில், தையல் போட்டு அனுப்புகிறோம் என்று ஒரே வரி. ஆன்டிபயாடிக் பற்றி எதுவும் இல்லை.

தையல் போட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. திறந்து கிடக்கும் காயத்தைப் பார்த்தால் மூடத்தான் கை போகும். அவர் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் ஊசியும் நூலும் இருந்தன, மருந்து அலமாரி காலி. கோபமெல்லாம் அந்த அலமாரியைக் காலியாக விட்டவர்கள் மேல்தான்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிகிற முறிவில், அதாவது திறந்த முறிவில், கிருமி உள்ளே போவது ரோட்டிலேயே நடந்துவிடுகிறது. அதனால்தான் முதல் டோஸ் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறோம். 1974-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆன்டிபயாடிக் பெறாதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குக் காயத்தில் தொற்று வந்தது. செஃபலோஸ்போரின் வகை மருந்து பெற்றவர்களில் 2.3 சதவீதம். அதே வகையைச் சேர்ந்த செஃபசோலின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பழைய, விலை குறைந்த மருந்து.

ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்த ஆறு மணிக் கணக்கை அவ்வளவு உறுதியாக ஆதரிக்கவில்லை. அதற்காக மெதுவாகச் செய்யலாம் என்று சொல்லவில்லை. பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரவே ஒரு நாள் ஆகிற நாட்டில், முதல் மணி நேரம் முழுக்க அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் கையில் இருக்கிறது. பணம் அங்கேதான் முதலில் போக வேண்டும் என்பது என் கட்சி.

நடப்பது வேறு. நன்கொடை என்றால் மிஷின் வருகிறது. ரிப்பன் வெட்டுகிறார்கள், ஒரு வருடத்தில் ஏதோ ஒரு பாகம் போய்விடுகிறது, மூலையில் துணி போட்டு மூடி வைக்கிறோம். காயத்தைக் கழுவ அழுத்தத்தோடு நீர் பாய்ச்சும் கருவிகூட அப்படி வந்ததுதான். 2015-ல் வெளியான, ஐந்து நாடுகளில் 2,447 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், நீரை வேகமாகப் பாய்ச்சினாலும் மெதுவாக ஊற்றினாலும் மறு ஆபரேஷன் விகிதத்தில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. சோப்புக் கரைசலைவிட வெறும் உப்பு நீர், அதாவது சலைன்தான் நன்றாக வேலை செய்தது. சலைன் பாட்டில் மூடியில் தடித்த ஊசியால் நாலு ஓட்டை போட்டுப் பிழிந்து கழுவுவோம். பெரிய காயத்துக்கு ஒன்பது லிட்டர்கூட ஆகும். அந்த ஒன்பது லிட்டர் இல்லாமல் நின்ற நாட்கள் உண்டு.

கழுவுவதைவிட முக்கியமானது செத்த தசையை வெட்டி எடுப்பது. இதற்கு மிஷின் கிடையாது. ஃபோர்செப்ஸால் கிள்ளினால் தசை துடிக்க வேண்டும். வெட்டினால் ரத்தம் கசிய வேண்டும். மங்கிப்போய், தொட்டால் கூழாக வந்தால் அது போய்விட்டது, தயங்காமல் எடுக்க வேண்டும். தயங்கி விட்டுவைத்த ஒரு துண்டு, நாலு நாளில் நாற்றமாகத் திரும்பி வரும். இந்தக் கைப்பழக்கத்தை, முறிவுகளில் பெரும்பகுதியைக் கவனித்துக்கொள்ளும் டாக்டர் அல்லாத மருத்துவ அலுவலர்களுக்கும் சொல்லிக் கொடுக்க முடியும். மலாவியில் அவர்கள்தான் எலும்பு முறிவு சிகிச்சையின் முதுகெலும்பு.

எலும்பை எதால் நிறுத்துவது என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடக்கும். எலும்புக்கு உள்ளே ராடா, காலுக்கு வெளியே கம்பிச் சட்டமா? தான்சானியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வு, கால் எலும்பின் திறந்த முறிவுகளில் இரண்டையும் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் பெரிய சிக்கல்களில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. எலும்பு நேராகச் சேர்வதில் ராடு மேல். சரி, இருப்பதை வைத்து ஒழுங்காகச் செய்யலாம்.

எல்லாமே சல்லிசாக முடிந்துவிடும் என்று சொன்னால் பொய். தோலே இல்லாமல் எலும்பு வெளியே கிடந்தால், அதை மூடத் தசையைத் திருப்பி வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். கணுக்காலை ஒட்டி மேலே இருக்கும் காயத்துக்கு அதுவும் கடினம். அந்தப் பயிற்சிக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம், ஒரு மருத்துவமனை ஆபரேஷன் செய்யத் தகுதியானதா என்று பார்க்க மூன்றை அடையாளமாகச் சொன்னது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன், திறந்த எலும்பு முறிவு சிகிச்சை. முதல் இரண்டைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. மூன்றாவதுக்கு இன்னும் வேண்டும்.

அந்தப் பையன் எட்டு மாதம் வார்டில் இருந்தான். அவ்வளவு நாளும் அவன் அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தாள். ஐந்து ஆபரேஷன். கடைசியில் செத்த எலும்புத் துண்டு ஒன்றை, விரல் நீளம் இருக்கும், எடுத்த பிறகுதான் சீழ் நின்றது. கால் மிஞ்சியது, கொஞ்சம் குட்டையாக.

அடுத்த வருடம் அதே சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொருவர் வந்தார். ஈரத் துணி போட்டு மூடிய காயம், மரத்துண்டு வைத்துக் கட்டிய கால். சீட்டில் ஆன்டிபயாடிக்கின் பெயரும் போட்ட நேரமும் பென்சிலால் எழுதியிருந்தது: “செஃப்ட்ரியாக்சோன், மாலை 4.20. டெட்டனஸ் ஊசி போட்டாச்சு. தைக்கவில்லை.” தியேட்டர் கிடைக்க மறுநாள் காலை ஆனது. துணியை எடுத்தபோது தசை சிவப்பாக இருந்தது, கிள்ளினேன், துடித்தது.