22.38 மீட்டர்

போன வியாழக்கிழமை சார் போய்விட்டார். அவர் வேறு பள்ளி, நான் வேறு பள்ளி. ஆனாலும் கடலூர்ப் பக்கம் பி.டி. வாத்தியார்கள் நாங்கள் பங்காளிகள் மாதிரி. குறுவட்டப் போட்டியில் வயதுச் சான்றிதழுக்காக முட்டிக்கொள்வோம், சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் ஒரே கடையில் டீ குடிப்போம்.

வாட்ஸப் குழுவில் அவர் எத்தனை பிள்ளைகளை மாநிலப் போட்டிக்கு அனுப்பினார் என்று ஆளாளுக்குக் கணக்குப் போடுகிறார்கள். போடட்டும். எனக்கு வேறொரு கணக்கு பாக்கி இருக்கிறது.

மைதானத்தில் கோடு போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. 200 மீட்டர் டிராக், பாதை அகலம் 1.22. வெளிப்பாதையில் ஓடும் பிள்ளைக்கு வளைவில் தூரம் கூடிவிடும், அதனால் முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். முழுச் சுற்று என்றால் இரண்டாவது பாதைக்கு 7.04 மீட்டர், அப்புறம் பாதைக்குப் பாதை 7.67 கூட்ட வேண்டும். நான்காவதுக்கு 22.38. தாளே பார்க்க மாட்டார். "கிரவுண்டு சின்னதோ பெருசோ, அகலம் மாறாத வரைக்கும் இந்தக் கணக்கு மாறாது தம்பி" என்பார்.

ஒரு வருஷம் நானும் அவரும் சேர்ந்துதான் கோடு போட்டோம். இருட்டிவிட்டது. டேப்பின் நுனி அவர் கையில், எண் படித்தது நான். மறுநாள் 200 மீட்டர் இறுதிச் சுற்றில் நான்காவது பாதையில் ஓடிய அவர் பள்ளிப் பெண் மயிரிழையில் முதலில் வந்தாள். தேவனாம்பட்டினம் மணலில் விடியற்காலையில் ஓடி ஓடிப் பழகிய பெண். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, சார் மட்டும் தொடக்கக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். போய் அளந்தார். 23.38. ஒரு மீட்டர் குறைவாக ஓடியிருக்கிறாள்.

யாருமே கேட்கவில்லை. நடுவர் மேசைக்கு அவரே போய், "நான்தான் தப்பா அளந்துட்டேன், மறுபடி ஓட விடுங்க" என்றார். மத்தியானம் திரும்ப ஓடினார்கள். மூன்றாவதாக வந்தாள். கால்சட்டையெல்லாம் சுண்ணாம்போடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார் மனுஷன். அந்தப் பெண் அவரிடம் ஒரு வாரம் பேசவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நேர்மை என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பதினைந்து வயசுப் பிள்ளையின் ஜெயிப்பை எடுத்து நம் பிழைக்கு அபராதம் கட்டுவது சரியா? இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அளக்கவே போயிருக்க மாட்டேன். அது மட்டும் தெரியும்.

துக்கத்துக்குப் போனபோது அந்தப் பெண் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை. பந்தலில் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன், சொல்ல வாய் வரவில்லை.

அம்மா, அன்றைக்கு 23-ஐ 22 என்று படித்தது நான்.