பல் டாக்டர் வெயிட்டிங் ரூமும் ஃபில் காலின்ஸும்

குன்னூரில் இங்கிலீஷ் ராக் கேட்கும் பசங்களிடம் இங்கிலாந்து இசைக்காரர் ஃபில் காலின்ஸ் பெயரைச் சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு சிரிப்பு வரும். "அது பல் டாக்டர் வெயிட்டிங் ரூம்ல ஓடுற பாட்டுண்ணா" என்பான் ஒருத்தன். "எங்க அப்பா கார்ல போடுவாரு" என்பான் இன்னொருத்தன். அவன் வயதில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. இவர்கள் ஒன்றும் பாட்டு தெரியாத பசங்க இல்லை. ரேடியோஹெட் குழுவின் பாட்டுகளைக் கரைத்துக் குடித்தவர்கள். எங்கள் ஊர் பெட்ஃபோர்டு பகுதியில் ஒரு டீயை வைத்துக்கொண்டு பிங்க் ஃபிளாய்டு பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள். அதனால்தான் எனக்கு எரிகிறது.

தம்பிகளா, நீங்கள் அவரைப் பாடகராக நினைத்துச் சிரிக்கிறீர்கள். அவர் டிரம்மர். 1970-இல் ஜெனிசிஸ் என்ற ராக் குழுவில் சேர்ந்ததே டிரம்ஸ் வாசிக்கத்தான். 1975-இல் முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்த பீட்டர் கேப்ரியல் விலகிப் போனார். குழு ஆள் மாற்றி ஆள் வரவழைத்துப் பாடவைத்துப் பார்த்தது, ஒருத்தரும் ஒத்துவரவில்லை. கடைசியில் பின்னால் உட்கார்ந்திருந்த டிரம்மரே எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். அப்படி வாய்த்த பாட்டு வேலை அவரை உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனது. கைத்தொழிலை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கிறவன், பெரிய வித்வான் கிடையாது. ஆனால் ஒருத்தர் கை எப்படிப்பட்டது என்று கேட்டால் தெரியும். ஜெனிசிஸின் 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' 1980-இல் வந்தது. மேலோட்டமாகக் கேட்டால் சாதாரண ரேடியோ பாட்டு. இங்கிலாந்தில் டாப் 10-க்குள்ளும் போனது. இப்போது விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். நாலு நாலாக எண்ணினால் எங்கேயோ இடிக்கும். ஆறும் ஏழுமாகப் பதின்மூன்று அடியில் சுற்றுகிறது அந்தப் பாட்டு. எங்கள் மலையில் படுகர் ஆட்டப் பாட்டு கேட்டால் யாருக்கும் கால் தானாகப் போகும், இதற்கு அப்படிப் போகாது. ஆனாலும் கேட்பவருக்கு ஒரு தடுமாற்றமும் தெரியாமல் ஓட்டிக்கொண்டு போகிறார் மனுஷன். கஷ்டமான கணக்கைக் கஷ்டமாகக் காட்டினால் மேதை என்கிறோம், சுலபமாகக் காட்டினால் வெயிட்டிங் ரூம் பாட்டு என்கிறோம். என்ன நியாயம் இது?

அப்புறம் அந்தச் சத்தம். அதே 1980-இல் வெளிவந்த தன்னுடைய மூன்றாவது தனி ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசிக்க பீட்டர் கேப்ரியல் இவரைக் கூப்பிட்டிருந்தார். சிம்பல் என்கிற உலோகத் தட்டு எதையும் தொடக் கூடாது என்று கண்டிஷன் வேறு. லண்டனில் டவுன்ஹவுஸ் என்ற ஸ்டூடியோ, எஞ்சினியர் ஹியூ பாட்ஜாம். உள்ளே வாசிப்பவர் பேசுவது வெளியே இருக்கும் எஞ்சினியருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக அறையில் ஒரு மைக் இருக்கும். பேச்சுக்கான மைக், பதிவுக்கு இல்லை. மெல்லப் பேசினாலும் கத்தினாலும் ஒரே அளவில் கேட்கும்படி அதை நன்றாக அமுக்கி வைத்திருப்பார்கள். அது திறந்திருந்தபோது காலின்ஸ் டிரம்ஸைத் தட்ட, கண்ட்ரோல் ரூமில் இடி மாதிரி விழுந்தது. அதை அப்படியே பிடித்து, அதிர்வு அடங்குவதற்குள், சத்தத்தைச் சட்டென்று அடைக்கும் 'கேட்' என்ற கருவியைப் போட்டு வெட்டிவிட்டார்கள். எங்கள் ஊர் டால்பின்ஸ் நோஸ் மலைமுனையில் நின்று கத்தி, எதிரொலி திரும்பி வரும் பாதி வழியில் யாரோ அதன் வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும், அப்படி. எண்பதுகளின் பாட்டு முழுக்க ஸ்னேர் என்கிற டிரம் 'டுஷ்' என்று விழுவதற்கு வழி போட்டது இந்த வேலைதான். நம் ஊர் ஃபங்ஷன்களில் ரிதம் பேடில் விழும் 'டுஷ்'ஷுக்கும் தூரத்துத் தாத்தா அதுதான். இன்றைக்கு எண்பதுகளின் சாயலில் சின்தசைசர் வைத்துப் பாட்டு போடுகிறவர்கள் அந்தச் சத்தத்தைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். சத்தம் கூல், வாசித்தவர் மட்டும் கூல் இல்லையாம்.

அடுத்த வருஷம் 1981-இல் வந்தது காலின்ஸின் தனிப் பாட்டு 'இன் தி ஏர் டுநைட்'. மூன்றரை நிமிஷத்துக்கு மேல் ஒரு சின்ன டிரம் மெஷின் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். பாடுகிறவரோ உலகத்தின் மிகப் பெரிய டிரம்மர்களில் ஒருத்தர், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் விழுகிறது அந்த டடும்-டடும்-டடும்-டடும்-டும்-டும். அதை எத்தனையோ பசங்க வாசித்துப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அவசரப்படுவார்கள், இல்லையென்றால் இரண்டு அடி சேர்த்துப் போடுவார்கள். காத்திருப்பதுதான் அதில் வித்தை.

அந்தப் பாட்டு இருந்த ஆல்பம் எனக்குக் கிடைத்தது டிடிகே கேசட்டில். வெலிங்டன் ஆர்மி குவார்ட்டர்ஸ் நண்பன் வீட்டில் இருந்ததைக் காப்பி அடித்தது. எங்கள் ஊர் மழைக்காலத்தில் கேசட்டின் கதி மலைக்காரர்களுக்குத் தெரியும். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும், ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துக் கேட்க வேண்டும். கொஞ்ச நாளில் மேல் ஸ்தாயிச் சத்தமெல்லாம் மங்கிப்போய் கிதாரும் கீபோர்டும் கம்பளிக்குள் இருந்து கேட்கும். 'டடும்' என்று விழும் இந்த டாம் டிரம் சத்தம் மட்டும் தேயவே இல்லை.

2020-இல் அமெரிக்காவில் இரட்டைப் பசங்க இருவர் இந்தப் பாட்டை முதல் முறையாகக் கேட்கும் வீடியோவை யூடியூபில் போட்டார்கள். டிரம்ஸ் விழுந்ததும் இருவரும் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், பாட்டு மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. யார் என்று தெரியாமல் கேட்டால் இதுதான் நடக்கும்.

சரி, ஏன் இந்தக் கெட்ட பெயர்? ஒரு காரணம், எங்கே பார்த்தாலும் அவரே இருந்தார். 1985 ஜூலை 13, லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி நாளில் லண்டனில் பாடிவிட்டு கான்கார்ட் விமானம் ஏறி ஃபிலடெல்ஃபியாவிலும் மேடை ஏறினார். அங்கே லெட் செப்பலின் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தது சொதப்பல் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சில காதல் பாட்டுகளில் சர்க்கரை தூக்கல், அவருடைய 'சுசூடியோ' பாட்டு வந்தால் நானும் ஸ்கிப் செய்வேன். இன்னொரு காரணம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: முன் வழுக்கை, குட்டை உருவம், பேங்க் மேனேஜர் மாதிரி கோட். ராக் ஸ்டார் என்றால் ஒல்லியாக, போதையில், சீக்கிரம் செத்துப்போக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்டுவிட்டார்கள். நீங்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் ப்ரையன் ஈனோவின் 1975 ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்ததும் இவர்தான். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

2007-இல் ஜெனிசிஸ் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் போனபோது கழுத்து எலும்பில் பிரச்சினை வந்து, கை விரல்களில் உணர்ச்சி போனது. அதற்குப் பிறகும் குச்சியைக் கையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டு ஒரு ஆல்பத்துக்கு வாசித்தார். 2022 மார்ச்சில் லண்டனில் கடைசிக் கச்சேரி. நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார், பின்னால் டிரம்ஸில் மகன் நிக். அந்த வீடியோவை வயசாகிப்போன ஆளைப் பார்க்கிற மாதிரி பார்க்காதீர்கள். பையனின் கையைப் பாருங்கள், அப்பன் போட்ட அடியெல்லாம் அங்கே இருக்கிறது.

கடைசியாக ஒரு பந்தயம். எங்கள் பிராக்டிஸுக்கு வருகிற பசங்க யாராவது 'டர்ன் இட் ஆன் அகெய்ன்' பாட்டை முதலிலிருந்து கடைசிவரை பதின்மூன்று அடி தப்பாமல் வாசித்துக் காட்டட்டும். அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் என் செலவு. அதுவரை பல் டாக்டர் ஜோக்கை எடுக்காதீர்கள்.