ஸ்விட்ச் போடும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

பழைய சிந்தசைசர் (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கீபோர்டு) வாங்கியதும் உடனே ஸ்விட்ச் போட்டு ஒலியைச் சோதிக்கச் சொல்கிறது உங்கள் கட்டுரை. தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள். எங்கள் தர்மபுரி பக்கம் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் வாசித்த கீபோர்டுகள் பரண் மேல் கிடப்பது உண்டு. ஜப்பானில் விற்பதற்காகத் தயாரித்த மாடல் என்றால் அது 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போச்சு. பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கும், படியுங்கள். 100 வோல்ட் என்றால், மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் செருக வேண்டும்.

1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் பற்றி எழுதியது அருமை. ஆனால் அதன் நினைவகத்தைக் காக்கும் 3 வோல்ட் லித்தியம் பேட்டரி உள்ளே சர்க்யூட் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். பழைய பேட்டரியை மாற்ற அதைக் கழற்றினால் உள்ளே சேமித்த 32 ஒலிகளும் போய்விடும். முன்பு வாசித்தவர் இரவு பகலாக உட்கார்ந்து அமைத்த ஒரு நாதஸ்வர ஒலி அதில் இருக்கலாம், வேறெங்கும் கிடைக்காது! முதலில் மிடி (மின்னணு இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் முறை) வழியாக எல்லாவற்றையும் கணினியில் எடுத்து வையுங்கள். பிறகு புது பேட்டரியை நேராகச் சால்டர் செய்யாமல் ஒரு ஹோல்டர் வைத்துவிட்டால் அடுத்த முறை மாற்றுவது சுலபம். ஹோல்டர் எல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், ஓசூர் வழியாகப் போய் அன்றே திரும்பிவிடலாம்.